வராமல் போன சோவியத் படை: வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் கன்சோல் பதிப்புகள் கைவிடப்பட்ட கதை

ஒரு ஸ்ட்ராட்டஜி கேமின் கன்சோல் பதிப்பைக் கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தால், பழி நேராகப் போய் விழுவது கன்ட்ரோலர் மேல்தான். மவுஸ் இல்லை, பொத்தான் போதாது, அதை வைத்துக்கொண்டு நூறு டாங்கியை எப்படி மேய்ப்பது என்பார்கள். பல கேம்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தவும் செய்யும். வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் விஷயத்தில் பொருந்தாது என்பது என் கட்சி. 2007இல் பிசியில் வந்து பெரிதாகப் பாராட்டப்பட்ட கேம் அது. எக்ஸ்பாக்ஸ் 360க்கும் பிளேஸ்டேஷன் 3க்கும் பதிப்புகள் வரும் என்று அறிவித்தார்கள், சோவியத் அசால்ட் என்று பெயரும் வைத்தார்கள். கடைசியில் இரண்டும் வரவில்லை. ஏன் என்று தேடிப் போனால் கன்ட்ரோலரில் கிடைப்பதைவிடக் கம்பெனிகள் கைமாறிய கணக்கில்தான் அதிகம் கிடைக்கிறது.

என்ன கேம் அது

ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் இருக்கும் மாஸிவ் என்டர்டெயின்மென்ட் செய்தது. மார்ட்டின் வால்ஃபிஸ் 1997இல் தொடங்கிய ஸ்டூடியோ. 2000இல் கிரவுண்ட் கன்ட்ரோல், 2004இல் அதன் இரண்டாம் பாகம் என்று பெயர் எடுத்தவர்கள். நடுவில், 2002இல், விவெண்டியின் கேம் பிரிவு ஸ்டூடியோவை முழுசாக வாங்கிவிட்டது. இந்த ஒரு தகவலை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கதை 1989இல் நடக்கிறது. நிஜத்தில் பெர்லின் சுவர் விழுந்த ஆண்டு. கேமிலோ சோவியத் யூனியன் உடைவதற்குப் பதிலாக ஐரோப்பாவில் போர் தொடுக்கிறது. அப்புறம் சரக்குக் கப்பல்களில் ஒளித்து வைத்த படையோடு அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. போர்க் கதை எழுத்தாளர் லேரி பாண்ட் கதையில் கைகொடுத்தார். இடையிடையே கதை சொல்லும் குரல் அலெக் பால்ட்வினுடையது. கேஸ்கேட் ஃபால்ஸ் என்ற சின்ன மலையூரில் அமெரிக்கா தன் மண்ணிலேயே அணுகுண்டு போடும் இடம்தான் எல்லாருக்கும் நினைவில் நிற்பது. எதிரியை ஊருக்குள்ளேயே பிடித்து வைக்கத் தன் ஆட்களோடு அங்கேயே நின்றுவிடும் கேப்டன் பானனை அதுவரை யாருக்கும் பிடித்திருக்காது. அந்த மிஷன் முடிந்த பிறகு அவரைத் திட்ட மனசு வராது. ஸ்ட்ராட்டஜி கேமில் ஒரு பாத்திரத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

விளையாடும் முறைதான் இங்கே முக்கியம். பெயருக்கு இதை ஆர்டிஎஸ், அதாவது நிகழ்நேர ஸ்ட்ராட்டஜி, வரிசையில் சேர்ப்பார்கள். ஆனால் அந்த வகையின் பாதிச் சடங்குகள் இதில் கிடையாது. தங்கம் தோண்ட வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், முகாம் கட்ட வேண்டாம். கையில் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் இருக்கும். அதைக் கொடுத்து டாங்கி, ஹெலிகாப்டர், காலாட்படை என்று கேட்டால் விமானத்திலிருந்து இறக்கித் தருவார்கள். ஒரு டாங்கி அழிந்தால் அதன் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும், மறுபடி வேறு வாங்கலாம். அதனால் எந்த நேரத்திலும் உங்களிடம் இருக்கும் யூனிட்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தாக்க ஒரு சிறப்புத் திறன், தப்பிக்க ஒரு சிறப்புத் திறன், பெரும்பாலும் அவ்வளவுதான். டாங்கி என்றால் புகை விட்டு மறைந்துகொள்ளும்.

மல்டிபிளேயரில் ஆளுக்கு ஒரு பொறுப்பு: காலாட்படை, கவசப்படை, வான்படை, சப்போர்ட். ஒரு ஆட்டத்தில் 16 பேர்வரை ஆடலாம். நான் எப்போதும் சப்போர்ட்தான். பின்னால் நின்று பீரங்கி அடிப்பதும், அடிபட்டு வரும் கூட்டாளி டாங்கிகளைப் பழுதுபார்ப்பதும்தான் வேலை. யாரும் பாராட்ட மாட்டார்கள், ஆனால் சப்போர்ட் இல்லாத அணி பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். வரைபடத்தில் வட்ட வட்டமாகக் குறித்த இடங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சண்டை போட்டுச் சேர்க்கும் இன்னொரு வகைப் புள்ளிகளில் டாக்டிக்கல் எய்டு என்ற வெளி உதவியைக் கூப்பிடலாம். பீரங்கி மழை, நாபாம், விமானக் குண்டு, கடைசியாக அணுகுண்டு. அது விழும் அந்த நொடியில் திரை வெளுத்து, சத்தம் உள்வாங்கி, அப்புறம்தான் இடி வரும். அதுவரை கத்திக்கொண்டிருந்த வாய்ஸ் சாட்டும் அடங்கிவிடும்.

கன்ட்ரோலர் கணக்கு

மவுஸுக்கும் கன்ட்ரோலரில் விரலால் சாய்க்கும் ஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பழக்கத்தில் சரியாகிவிடக்கூடியது அல்ல. மவுஸை நகர்த்தினால், கை எவ்வளவு போகிறதோ அதற்கேற்ப அம்புக்குறியும் போய் நின்றுவிடும். ஸ்டிக்கைச் சாய்ப்பது தூரத்தைச் சொல்வதில்லை, வேகத்தைச் சொல்கிறது. இடம் வந்ததும் விட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் அம்புக்குறி தாண்டிப் போகும், திருப்பிச் சாய்த்தால் இந்தப் பக்கம் தாண்டும். ஒரு டாங்கியைப் பிடிக்க இந்த ஊசலாட்டம் பரவாயில்லை. நிமிடத்துக்கு நூறு கட்டளை கேட்கும் கேமில் இதுவே ஆளைக் கொன்றுவிடும். 2000இல் நின்டெண்டோ 64க்கு வந்த ஸ்டார்கிராஃப்ட் 64ஐ ஒரு முழுப் பொழுது விளையாடிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். கேம் முழுசாகத்தான் இருந்தது, கைதான் போதவில்லை.

ஆனாலும் 2006 முதல் 2009 வரை ஒரு சின்ன வசந்தம் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு 2006இல் பேட்டில் ஃபார் மிடில் எர்த் இரண்டாம் பாகம் வந்தது. அடுத்த ஆண்டு கமாண்ட் அண்ட் கான்கர் 3. பொத்தானை அழுத்தினால் விரியும் மெனுவில் கட்டளைகளைப் பரப்பி வைத்து ஓரளவு சமாளித்தார்கள். 2008இல் சுப்ரீம் கமாண்டரைக் கொண்டுவந்தார்கள். அங்கே கன்ட்ரோலரைவிடக் கருவியின் திணறல்தான் பெரிய குறையாகப் போய்விட்டது. வரைபடம் அவ்வளவு பெரிது, யூனிட் அவ்வளவு அதிகம், திரை தத்தித் தத்தி ஓடியது.

ஹேலோ வார்ஸ்தான் இவற்றில் வேறு தினுசு. 2009இல் வந்தது. என்செம்பிள் ஸ்டூடியோஸ் தங்கள் பழைய ஏஜ் ஆஃப் மித்தாலஜியை எடுத்து அதைக் கன்ட்ரோலரில் ஓட்டிப் பார்ப்பதில் தொடங்கினார்கள். ஹேலோ என்ற பெயர் பிறகுதான் வந்து ஒட்டியது. ஒரு தோள்பொத்தானை அழுத்தினால் எல்லா யூனிட்டும் கைக்கு வரும், இன்னொன்றை அழுத்தினால் கண்ணெதிரே இருப்பவை மட்டும். இந்த இரண்டு பொத்தான்களுக்குள் பாதிப் பிரச்சினையை அடக்கிவிட்டார்கள். முதல் மாதத்திலேயே பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கன்சோல்காரர்கள் ஸ்ட்ராட்டஜி வாங்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பதில்.

இப்போது வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹேலோ வார்ஸிலாவது சின்னதாக ஒரு முகாம் கட்ட வேண்டும், இதில் அதுவும் இல்லை. யூனிட் குறைவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டே திறன் என்பதால் இரண்டு பொத்தான் போதும். கேமரா விஷயத்தில் கதையே தலைகீழ். பிசியிலேயே இதன் கேமரா ஷூட்டர் கேம் மாதிரிதான்: ஒரு கை கீபோர்டில் முன்னும் பின்னும் பறக்கும், மறு கை மவுஸில் திரும்பும். பழைய ஆர்டிஎஸ் ஆசாமிகள் முதல் ஒரு மணி நேரம் இதில் தலைசுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு ஸ்டிக்கில் ஒன்று நகர, ஒன்று திரும்ப என்று பழகியவருக்கு அந்தத் தலைசுற்றல்கூட இருந்திருக்காது.

சிக்கல் வராமல் இருந்திருக்காது. விமானக் குண்டுவீச்சை எடுத்துக்கொள்வோம். பிசியில் இடத்தைக் கிளிக் செய்து, பொத்தானை விடாமல் இழுத்தால் குண்டு விழும் திசை கோடாக விரியும். விமானம் வந்து சேரச் சில நொடி ஆகும். அதற்குள் எதிரி நகர்ந்துவிடுவான் என்பதால், அவன் எங்கே இருக்கிறான் என்பதைவிட எங்கே இருக்கப்போகிறான் என்று கணித்துத்தான் கோடு போட வேண்டும். கொஞ்சம் கோணம் தப்பினால் குண்டு நம் ஆள் தலையிலேயே விழும். எனக்கு விழுந்திருக்கிறது, நானும் போட்டிருக்கிறேன். கன்ட்ரோலரில் இதற்கு இடது ஸ்டிக்கில் இடம், வலது ஸ்டிக்கில் திசை என்று பிரித்துக் கொடுத்தால் மவுஸைவிட நன்றாகவே வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேமராவை அந்தச் சில நொடி உறைய வைத்தால் போதும்.

நினைவகம் இன்னும் கடினமான சுவர். எக்ஸ்பாக்ஸ் 360இல் மொத்தமே 512 எம்பி, கிராபிக்ஸும் மற்றதும் அதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 3இல் 256 எம்பி இந்தப் பக்கம், 256 எம்பி அந்தப் பக்கம் என்று பிரித்தே கொடுத்திருந்தார்கள், ஒன்றில் மிஞ்சியதை மற்றதற்கு எளிதில் தள்ள முடியாது. இந்த கேமின் அழகோ எல்லாம் உடைவதில் இருந்தது. வீடு இடியும், பாலம் விழும், காடு எரியும், தரையில் பள்ளம் விழும், விழுந்தது ஆட்டம் முடியும்வரை அப்படியே கிடக்கும். இருபது நிமிடச் சண்டைக்குப் பிறகு வரைபடத்தைப் பார்த்தால் தொடங்கும்போது பார்த்த ஊர் இருக்காது. அத்தனை மாற்றத்தையும் நினைவில் வைத்திருப்பது கருவியின் பாடு. அதைச் செதுக்கி 512 எம்பிக்குள் உட்கார வைப்பது நல்ல புரோகிராமர்களுக்கு மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் அதற்குக் காலமும் பொறுமையான முதலாளியும் வேண்டும்.

வேலையை ஏற்றவர்கள்

மாஸிவ் இந்த வேலையைத் தானே செய்யவில்லை. விவெண்டிக்குச் சொந்தமான இன்னொரு ஸ்டூடியோவான ஸோர்ட்ஃபிஷ் கையில் போனது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 2002இல் தொடங்கியது. 2005இல் விவெண்டி வாங்கியது. பிளேஸ்டேஷன் 2க்கு கோல்ட் விண்டர் என்ற ஷூட்டர், கோட்மாஸ்டர்ஸ் கம்பெனிக்காக பிரையன் லாரா இன்டர்நேஷனல் கிரிக்கெட் 2005 என்று கன்சோலிலேயே ஊறியவர்கள். பிசி ஸ்டூடியோ அடுத்த வேலையைப் பார்க்கட்டும், கன்சோல் தெரிந்தவர்கள் கன்சோலைப் பார்க்கட்டும் என்ற ஏற்பாடு. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான்.

முதலில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு மட்டும் என்றார்கள். பிறகு பிளேஸ்டேஷன் 3உம் சேர்ந்தது. வெறும் மாற்றுப் பதிப்பாக இல்லாமல், சோவியத் தரப்பிலிருந்து விளையாடும் புதிய மிஷன்களையும் உள்ளே சேர்த்து சோவியத் அசால்ட் என்ற பெயரில் கொண்டுவருவதாகத் திட்டம். தாமதமாக வரும் கன்சோல் பதிப்பை வாங்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா, அந்தக் காரணத்தைக் கதையிலேயே வைத்தார்கள். புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் அதனாலேயே திட்டம் கனத்துப் போனது என்றும் சொல்லலாம். இனி இது ஒரு கேமைப் பெயர்க்கும் வேலை மட்டும் இல்லை, இரண்டு ஸ்டூடியோக்களின் வேலை ஒரே பெட்டிக்குள் வந்து சேர வேண்டும்.

2008 ஜூலை

2007 டிசம்பரில் விவெண்டியும் ஆக்டிவிஷனும் இணைப்பை அறிவித்தன. மதிப்பு 1,890 கோடி டாலர். 2008 ஜூலையில் இணைப்பு நிறைவேறி ஆக்டிவிஷன் பிளிசார்ட் பிறந்தது. எல்லாருடைய கண்ணும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மேல் இருந்தது. அது பிளிசார்டுடையது, மாதாமாதம் பணம் கொட்டுவது. விவெண்டியின் மற்ற கேம்களை வெளியிட்டு வந்த சியெராவின் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் புது நிர்வாகத்துக்குத் தலைவலி.

அந்த மாதக் கடைசியிலேயே பதில் வந்தது. கிராஷ் பேண்டிகூட், ஸ்பைரோ, ஐஸ் ஏஜ், புரோட்டோடைப் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றை மட்டும் ஆக்டிவிஷன் வைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் வெளியே. கோஸ்ட்பஸ்டர்ஸ், புரூட்டல் லெஜெண்ட், ரிடிக், வெட், ஃபிஃப்டி சென்ட் பிளட் ஆன் தி சாண்ட் எல்லாம் அநாதையானவை. வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்டின் கன்சோல் பதிப்புகளும் அந்த வரிசையில்தான். ஆக்டிவிஷன் தலைவர் பாபி கோட்டிக் அந்த நவம்பரில் முதலீட்டாளர்களிடம் இதற்கு விளக்கமும் கொடுத்தார். ஒவ்வொரு ஆண்டும் எல்லாக் கருவிகளிலும் புதுப் பாகம் போட்டு விற்க வாய்ப்பில்லாத கேம்கள் தங்களுக்கு ஒத்துவராது என்பதுதான் சாரம். அந்த அளவுகோலில் மாட்டினால் ஒரு ஸ்வீடிஷ் ஸ்டூடியோ ஆண்டுக்கணக்கில் செதுக்கிய பனிப்போர்க் கதை தேறாது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். கைவிடப்பட்டவற்றில் பல பிழைத்துக்கொண்டன. கோஸ்ட்பஸ்டர்ஸையும் ரிடிக்கையும் அட்டாரி எடுத்துக்கொண்டது. புரூட்டல் லெஜெண்ட் இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) கம்பெனி வழியாக வந்தது. வெட் பெதஸ்டாவுக்குப் போனது. ஃபிஃப்டி சென்ட் கேமை டிஎச்கியூ 2009 தொடக்கத்தில் வெளியிட்டது. எல்லாமே கன்சோலில் வந்தன. அப்படியானால் வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் மட்டும் ஏன் போனது?

புரூட்டல் லெஜெண்டைச் செய்த டபுள் ஃபைன் தனி ஸ்டூடியோ. வெளியிடுகிறவர் கைவிட்டால் கேமைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டலாம். வெட், கோஸ்ட்பஸ்டர்ஸ் செய்தவர்களும் சொந்தக் காலில் நின்ற ஸ்டூடியோக்கள்தான். ஃபிஃப்டி சென்ட் கேமின் கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அதைச் செய்ததும் இதே ஸோர்ட்ஃபிஷ்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டு கேம். ஒன்று பிழைத்தது, ஒன்று போனது. ஒரு பாடகரின் பெயரில் செய்த தனி கேமை அப்படியே தூக்கி இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிடலாம். சோவியத் அசால்டை அப்படித் தூக்க முடியாது. கதையும் கேமை ஓட்டும் அடிப்படை நிரலான எஞ்சினும் மால்மோவில், கன்சோல் வேலை பர்மிங்ஹாமில், பெயரும் உரிமையும் ஆக்டிவிஷன் பெட்டியில். மாஸிவுக்குத் தன் கேமைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பும் உரிமை 2002லேயே போய்விட்டது. ஓரமாக வைக்கச் சொன்ன தகவல் இதுதான்.

நவம்பர்

ஆக்டிவிஷன் மாஸிவையும் ஸோர்ட்ஃபிஷையும் விற்பனைக்கு வைத்தது. 2008 நவம்பர் 10 அன்று மாஸிவை யுபிசாஃப்ட் வாங்கியது, வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் உரிமையோடு சேர்த்து. அதே நவம்பரில் ஸோர்ட்ஃபிஷின் பர்மிங்ஹாம் ஸ்டூடியோவை வாங்கியது கோட்மாஸ்டர்ஸ். அந்த ஆண்டு மே மாதம்தான் கோட்மாஸ்டர்ஸுக்கு ஃபார்முலா ஒன் உரிமம் கிடைத்திருந்தது. அவர்களுக்கு அவசரமாக ஆள் வேண்டும், கன்சோல் தெரிந்த ஆள் வேண்டும்.

என்னைக் கேட்டால் கன்சோல் பதிப்பு உண்மையில் செத்தது அந்த மாதத்தில்தான். ஜூலையில் நடந்தது கைவிடல் மட்டும். அதிலிருந்து மீள்வது சாத்தியம் என்று மற்ற கேம்கள் காட்டிவிட்டன. நவம்பரில் நடந்தது பிரிவினை. கேமின் உரிமை ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு, அதைக் கன்சோலில் கொண்டுவந்துகொண்டிருந்த கைகள் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு. ஒரு போர்ட், அதாவது ஒரு கருவிக்குச் செய்த கேமை இன்னொன்றுக்குப் பெயர்ப்பது, கோப்புகள் மட்டும் இல்லை. எந்த இடத்தில் நினைவகம் இடிக்கிறது, எதை வெட்டினால் எது உடையும் என்பதெல்லாம் அதைச் செய்தவர் மண்டையில்தான் பாதி இருக்கும். அந்த மண்டைகள் வேறு முதலாளிக்குப் போன பிறகு புதிதாக ஒரு அணி உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ரெட் அலர்ட் 3ஐப் பார்க்கலாம். அதே 2008இல் அதன் பிளேஸ்டேஷன் 3 பதிப்பை இஏ நிறுத்தி வைத்தது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு மட்டும் அந்த ஆண்டு வந்தது. சரி, முடிந்தது கதை என்று நினைத்தவர்கள் உண்டு. 2009 மார்ச்சில் அல்டிமேட் எடிஷன் என்ற பெயரில் அது பிளேஸ்டேஷன் 3இல் வந்து நின்றது. கருவி அதேதான், அதன் தொல்லையும் அதேதான். ஸ்டூடியோ, உரிமை, பணப்பை மூன்றும் ஒரே வீட்டில் இருந்தது மட்டும் வேறு.

யுபிசாஃப்ட் நினைத்திருந்தால் புது அணியை அமர்த்தியிருக்கலாமே என்று கேட்கலாம். நினைக்க அவர்களுக்கு என்ன அவசியம்? மாஸிவை வாங்குவதற்கு ஆறு நாள் முன்பு, நவம்பர் 4 அன்று, அவர்களுடைய எண்ட்வார் எக்ஸ்பாக்ஸ் 360இலும் பிளேஸ்டேஷன் 3இலும் வெளிவந்திருந்தது. யுபிசாஃப்ட் ஷாங்காய் செய்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா மோதும் மூன்றாம் உலகப் போர், கன்சோலுக்கென்றே வடிவமைத்த ஸ்ட்ராட்டஜி. கன்ட்ரோலர் பிரச்சினையை அவர்கள் தாண்டிய விதமே தனி. மைக்கில் எந்த யூனிட், என்ன செய்ய, எங்கே என்று வாயால் சொன்னால் படை நகரும். விளையாடுகிறவர் வீட்டில் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அது வேறு விஷயம். கடையில் ஏற்கெனவே சொந்தமாக ஒரு மூன்றாம் உலகப் போரை அடுக்கி வைத்திருப்பவர், அதே அலமாரியில் அதே கருவிக்கு இன்னொன்றைப் பணம் போட்டு முடித்து வைப்பது வியாபாரத்தில் நடக்கிற காரியமா? அடுத்து யூஜென் சிஸ்டம்ஸ் செய்த ரூஸ், 2010இல் யுபிசாஃப்ட் வழியாகவே பிசியோடு இரண்டு கன்சோல்களுக்கும் வந்தது. ஸ்ட்ராட்டஜியைக் கன்சோலில் போட அவர்கள் தயங்கவில்லை. அடுத்தவர் பாதியில் விட்டதை எடுத்து முடிக்கத்தான் ஆர்வம் இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் தேதிகள் இதற்கு ஒத்துப்போகின்றன.

மிஞ்சியது

சோவியத் அசால்ட் 2009 மார்ச்சில் பிசிக்கு மட்டும் வந்தது. ஆறு புதிய மிஷன்கள், சோவியத் தரப்பில். தனிக் கதையாக இல்லாமல் பழைய அமெரிக்கக் கதையின் நடுநடுவே செருகப்பட்டிருந்தன. ஏற்கெனவே கேமை முடித்தவர்களுக்கு இது எரிச்சலாக இருந்தது. பழைய மிஷன்களுக்கு இடையே புதியதைத் தேடி ஆட வேண்டியிருந்தது, ஆறு மிஷனும் ஒரு வார இறுதிக்குக்கூடக் காணாது. ஏன் இப்படி ஒரு வடிவம் என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். கன்சோல் திட்டத்தை நினைவில் வைத்துப் பார்த்தால் புரியும். கேமை முதல் முறையாக வாங்குபவருக்கு, இரண்டு தரப்பையும் மாறி மாறிக் காட்டும் ஒரே முழுக் கதை இது. அப்படித் தொடக்கத்திலிருந்து ஆடினால் நன்றாகவே இருக்கிறது. சியாட்டிலைத் தாக்கப்போகும் ஆட்களோடு முந்தைய மிஷனில் கூடவே நடந்திருந்தால் அந்தத் துறைமுகச் சண்டையின் கனமே வேறு. முதன்முறை வாங்கும் கன்சோல்காரருக்காகத் தைத்த சட்டையை, ஏற்கெனவே ஒன்று வைத்திருந்த பிசிக்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆன்லைன் ஆட்டங்களை நடத்திய மாஸ்கேட் சேவையைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு யுபிசாஃப்ட் நிறுத்தியது. ஆனால் அதன் மூல நிரலை வெளியிட்டது, ரசிகர்கள் அதை வைத்துச் சொந்தமாக சர்வர் ஓட்டினார்கள். 2017 டிசம்பரில் கம்ப்ளீட் எடிஷனை இலவசமாகவும் கொடுத்தார்கள். நான் மறுபடி போய் சப்போர்ட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழுதுபார்க்க அதே கூட்டம், நன்றி சொல்ல அதே பஞ்சம்.

மாஸிவ் அதன் பிறகு ஸ்ட்ராட்டஜி பக்கமே வரவில்லை. 2016இல் அவர்கள் கொண்டுவந்த தி டிவிஷன் கன்சோல்களில் பெரிதாக ஓடியது. இன்று கன்சோல்காரர்களிடம் மாஸிவ் என்றால் அந்த கேம்தான் நினைவுக்கு வரும். பர்மிங்ஹாம் அணி கோட்மாஸ்டர்ஸ் பர்மிங்ஹாம் என்று பெயர் மாறி ஃபார்முலா ஒன்னில் இறங்கியது. அவர்கள் செய்த எஃப்1 2010, அந்த ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 இரண்டிலும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் ஸ்போர்ட்ஸ் பிரிவு விருதும் அதற்குத்தான்.